ஜோன் வெஸ்லி விட்டுச்சென்றது என்ன? திருமலைச் சபை மக்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

திருகோணமலையில் (நம் பேச்சில் திருமலை) மெதடிஸ்த சபையிலோ பாடசாலையிலோ வளர்ந்த பிள்ளைக்கு, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் பெயர் புதிதல்ல. ஆனால் "அவர் என்ன செய்தார்?" என்று கேட்டால், "குதிரையில் போய்ப் பிரசங்கம் பண்ணினார்" என்பதோடு பதில் நின்றுவிடுகிறது. வகுப்புத் தலைவராக (சபையில் சிறு குழுவொன்றை நடத்துகிறவராக) விரும்புகிறவர்கள், ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்கள், வாலிபர் சங்கத்தார் ஆகியோர் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

வெஸ்லி யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எப்வர்த் என்ற சிற்றூரில் 1703 ஜூன் 17இல் (பழைய நாட்காட்டிப்படி) பிறந்தார். தகப்பன் சாமுவேல் அங்கிலிக்கன் குருவானவர். தாய் சுசன்னா பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தவர். 1709 பெப்ரவரியில் குருமனை தீப்பற்றி எரிந்தபோது ஐந்து வயது ஜோன் மேல்மாடியில் சிக்கிக்கொண்டான். ஆட்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி, ஜன்னல் வழியாக அவனை இறக்கினார்கள். பிற்காலத்தில் அவர் தன்னைச் சகரியா 3:2இன் சொல்லால், "அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி" என்று சொல்லிக்கொண்டது இதனால்தான்.

ஒக்ஸ்போர்ட்டில் படித்துக் குருவானவரானார். 1735இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்குப் போய்த் தோல்வியோடு திரும்பினார். 1738 மே 24ஆம் திகதி இரவு, லண்டன் ஒல்டர்ஸ்கேற் வீதியில் நடந்த சிறு கூட்டமொன்றில், ரோமர் நிருபத்துக்கு ஜெர்மன் சீர்திருத்தவாதி லூதர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருக்கையில், ஒன்பது மணிக்குக் கால் மணித்தியாலம் இருக்கும்போது தன் நெஞ்சம் அனல்கொண்டதாக நாட்குறிப்பில் எழுதினார். 1739 ஏப்ரல் 2இல் பிறிஸ்டலில் முதன்முறையாகத் திறந்தவெளியில் பிரசங்கித்தார். 1791 மார்ச் 2இல் இறந்தார். சாகும்வரை அங்கிலிக்கன் குருவாகவே இருந்தார். தனிச்சபை ஒன்றைத் தொடங்கிவிட்டதாக அவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

அந்தக் காலத்தில் பெரிய பிரசங்கியார் ஜோர்ஜ் விற்பீல்ட் அல்லவா? பின்னே வெஸ்லியின் பெயர் ஏன் நிலைத்தது?

சரியான கேள்வி. குரல்வளத்திலும் கேட்டவர்களை அழவைக்கும் ஆற்றலிலும் விற்பீல்ட் ஒரு படி மேலேதான். திறந்தவெளியில் பிரசங்கிக்கும்படி வெஸ்லியை இழுத்துவிட்டவரும் அவரே. ஆனால் கேட்டு மனந்திரும்பியவர்களை விற்பீல்ட் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். தன் மக்கள் மணலால் திரித்த கயிறு என்று பிற்காலத்தில் அவரே நொந்துகொண்டதாகச் சொல்வார்கள்.

வெஸ்லி ஓர் ஊரில் பிரசங்கம் பண்ணினால், ஆட்களைப் பெயர் எழுதிப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொறுப்பாளரை வைத்துவிட்டுத்தான் புறப்படுவார். அப்படி ஒழுங்கு பண்ண முடியாத இடத்தில் பிரசங்கிக்கவே அவருக்கு மனம் வரவில்லை. இன்று அவருடைய பிரசங்கங்களை வாசிக்கிறவர்கள் சிலர்தான். அவர் கட்டின ஒழுங்குக்குள் வாழ்கிறவர்களோ உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். நம்முடைய சேகரம் (பல சபைகள் சேர்ந்த பிரிவு), வருடாந்த மகாநாடு, போதகர்மாரின் இடமாற்றம், குருப்பட்டம் பெறாத பிரசங்கிமார், தை மாத உடன்படிக்கை ஆராதனை எல்லாமே அந்த ஒழுங்கின் பாகங்கள். ஆனால் அதன் நடுத்தூணாகிய வகுப்புக் கூட்டம், அதாவது பன்னிரண்டு பேர்வரை கிழமைதோறும் கூடும் சிறு குழு, தான் பல சபைகளில் பெயரளவில் நிற்கிறது. அதனால்தான் இந்தப் பக்கத்தில் அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

வகுப்புக் கூட்டம் எப்படித் தொடங்கியது?

கடனால். பிறிஸ்டலில் 1739இல் கட்டிய மண்டபத்துக்குக் கடன் நின்றது. அதை அடைக்க வழி தேடி 1742 பெப்ரவரி 15இல் கூடிப் பேசினார்கள். கடன் தீரும்வரை ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒரு பென்னி கொடுக்கட்டும் என்று போய் (Foy) என்ற கப்பல் தலைவர் சொன்னார். "ஏழைகளால் அதுவும் முடியாதே" என்று ஒருவர் மறுத்தார். அதற்கு அந்தக் கப்பல் தலைவர் சொன்ன பதிலின் சாரம் இது: மிக ஏழ்மையான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள். ஒவ்வொரு கிழமையும் நான் போய்ப் பார்ப்பேன். கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டும், முடியாதவருக்காக நான் போடுகிறேன்.

பதினொரு பேரோடு பொறுப்பாளரும் சேர்ந்து பன்னிரண்டு. பன்னிரண்டு பென்னி ஒரு சிலிங், இருபது சிலிங் ஒரு பவுண். ஆகவே இருபது வகுப்புகள் இருந்தால் கிழமைக்கு ஒரு பவுண் சேரும். நம் ஊர்ப் பெண்கள் சீட்டுப் பிடிக்கிற கணக்குத்தான். வித்தியாசம், இங்கே சீட்டு யாருக்கும் விழாது.

காசு சேர்க்க வீடு வீடாகப் போன பொறுப்பாளர்கள் வேறொன்றையும் கண்டார்கள். ஒருவன் குடித்துக் கிடந்தான், ஒரு வீட்டில் சண்டை, இன்னொரு வீட்டில் நோயாளி. அவர்கள் வந்து சொன்னதும், தான் இத்தனை நாளாய்த் தேடிய மேய்ப்புப் பணி இதுதான் என்று வெஸ்லி பிடித்துக்கொண்டார். முதலில் தனித்தனியாகப் போய்ப் பார்த்தார்கள். அது மூன்று காரணங்களால் சரிவரவில்லை: நேரம் போதவில்லை; பிறர் வீட்டில் வேலை செய்தவர்களைச் சந்திக்க எசமான்கள் விடவில்லை; இருவருக்குள் மனத்தாங்கல் என்றால் இருவரையும் நேருக்கு நேர் இருத்தினால்தான் தீர்ந்தது. எனவே பன்னிருவரும் ஓரிடத்தில் கூடலானார்கள்.

அந்தக் கூட்டத்தில் என்ன செய்தார்கள்?

ஒரு பாட்டு, சிறு ஜெபம். பின்பு தலைவர் தன் நிலைமையை முதலில் சொல்வார். அந்தக் கிழமையில் தான் விழுந்த இடம், எழுந்த இடம், இன்னும் போராடுகிற இடம். அதன்பின் ஒவ்வொருவரிடமும், "உம் ஆத்துமா எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். தேவைக்கேற்ப ஆலோசனை, கண்டிப்பு, ஆறுதல். வேதபாடமோ பிரசங்கமோ அங்கே இல்லை. இந்த இடத்தில்தான் இன்று பலர் வழிதவறுகிறார்கள்.

1743இல் வெஸ்லி வெளியிட்ட பொது விதிகளின்படி, தலைவர் ஒவ்வொருவரையும் கிழமைக்கு ஒருமுறையாவது காணவேண்டும். ஏழைகளுக்காக அவர்கள் தருவதை வாங்கவேண்டும். பிறகு போதகரையும் பொருளுக்குப் பொறுப்பானவர்களையும் கிழமைதோறும் சந்தித்து, யாருக்கு நோய், யார் வழிவிலகுகிறார் என்று அறிவித்து, வாங்கிய காசை ஒப்படைக்கவேண்டும். உறுப்பினருக்கான விதிகள் மூன்று: தீமை செய்யாதே, நன்மை செய், தேவன் ஏற்படுத்திய வழிபாட்டு ஒழுங்குகளைக் கைவிடாதே.

பெண்களும் வகுப்புத் தலைவர்களாக இருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இது சாதாரண விஷயமல்ல.

இதைத் திருமலையில் இன்று நடத்துவதென்றால் எப்படி?

முதலில் ஆட்களை எண்ணுங்கள். ஏழு பேரோடு தொடங்கலாம், பன்னிரண்டு பேருக்குமேல் போகவேண்டாம். பேச்சுக்கு எழுபத்தைந்து நிமிடம் வைத்து, ஆளுக்கு ஐந்து அல்லது ஆறு நிமிடம் கொடுத்தால் பன்னிரண்டு பேர் அதற்குள் அடங்குவார்கள். பதினைந்து பேர் வந்தால் கடைசி மூவர் வாயே திறக்கமாட்டார்கள், அடுத்த கிழமை வரவும் மாட்டார்கள். பதின்மூன்றாவது ஆள் வரும் நாளே இரண்டாகப் பிரிக்கும் நாள்.

இடம் வீடாக இருக்கட்டும், ஆலய மண்டபம் வேண்டாம். மண்டபத்தில் கதிரைகள் தாமாகவே வரிசையாகிவிடும், தலைவர் தாமாகவே பிரசங்கியார் ஆகிவிடுவார். பாய் விரித்து வட்டமாக இருங்கள். உவர்மலை, உப்புவெளி, பாலையூற்று என்று ஒரே பக்கத்து ஆட்களைச் சேர்ப்பது நல்லது. சாம்பல்தீவிலிருந்து வருகிறவர் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே இருந்தால் மனம்விட்டுக் கதைக்கமாட்டார். மார்கழி மழையில் தூரத்து ஆட்கள் வராமல்விட்டு, தை பிறந்த பிறகும் அப்படியே நின்றுவிடுவதுண்டு.

நேரத்தை ஆட்களின் தொழில் பார்த்து வையுங்கள். அரச உத்தியோகத்தர்களுக்கு ஞாயிறு பின்னேரம் பொருந்தும். கடற்றொழில் குடும்பங்களுக்குப் பொருந்தாது. மாலையில் வள்ளம் இறக்குகிறவர்களுக்கு மீன் விற்று முடிந்த முற்பகல்தான் ஓய்வு. நிலவு காலத்தில் மீன்பாடு குறைவு என்பதால், அவர்களுக்குப் போயா தினத்தையொட்டிய நாட்கள் வசதி. (வெஸ்லியும் இரவுக் கூட்டங்களுக்குப் பௌர்ணமியை ஒட்டிய நாட்களையே தெரிந்தெடுத்தார். காரணம் மீன் அல்ல, வீடு திரும்ப வெளிச்சம்.)

ஒழுங்கு இப்படி: ஒரு ஞானப்பாட்டோ கீர்த்தனையோ, இரண்டு நிமிட ஜெபம், தலைவரின் சாட்சி ஐந்து நிமிடம், பிறகு ஒவ்வொருவரும், கடைசியில் கேட்டவற்றைக்கொண்டே ஜெபம். மொத்தம் ஒன்றரை மணித்தியாலம். தேநீர் கொடுத்தால் வெறுந்தேநீரும் பிஸ்கட்டும் போதும். ஒரு வீட்டில் கேக்கும் றோல்ஸும் வைத்தால், வசதி குறைந்த அடுத்த வீட்டுக்காரர் "எங்கள் வீட்டில் வேண்டாம்" என்பார். கூட்டம் அங்கேதான் உடையும்.

ஒரு கொப்பி வையுங்கள். அதில் பெயர், வந்தது வராதது, காணிக்கை, சந்திக்கப்போன திகதி மட்டும். பேசியதை ஒருபோதும் எழுதவேண்டாம். ஊர் சிறியது.

நடத்திப் பார்த்தோம், ஆறு மாதத்தில் நின்றுவிட்டது. ஏன்?

பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

தலைவர் வேதபாடம் நடத்தத் தொடங்கியிருப்பார். பாடம் கேட்கிறவர்கள் பதில் சொல்வார்களே தவிர, தங்களைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். மூன்று கிழமை தொடர்ந்து தலைவர் மட்டும் பேசியிருந்தால் கூட்டம் செத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

அல்லது கதை வெளியே போயிருக்கும். ஓர் அக்கா தன் மகனின் குடிப்பழக்கத்தைச் சொல்லி அழுதது புதன்கிழமை சந்தையில் பேச்சானால், அதன்பின் எல்லோரும் "தேவகிருபையால் சுகம்" என்று மட்டுமே சொல்வார்கள். கசியவிட்டவரிடம் தலைவர் தனியாகப் போய்ப் பேசவேண்டும். பாதிக்கப்பட்டவர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கச் செய்யவேண்டும். இரண்டாம் முறை நடந்தால் அவரை நிறுத்தவேண்டியதுதான்.

சில பாரங்கள் வகுப்பு தூக்கக்கூடியவை அல்ல. வீட்டு வன்முறை, தற்கொலை எண்ணம், பிள்ளைகளுக்கு நேரும் துன்புறுத்தல் ஆகியவை வந்தால் வட்டத்தில் வைத்து ஆராயாமல், அன்றே போதகரிடமும், தேவைப்பட்டால் வைத்தியரிடமோ பொலிஸாரிடமோ கொண்டுபோக வேண்டும். இரகசியம் காப்பதென்ற வாக்குறுதி இவற்றுக்குப் பொருந்தாது என்பதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

இன்னுமொரு காரணம், தலைவருக்கு இடமாற்றம். திருமலையில் ஆசிரியர், வங்கி ஊழியர், திணைக்கள உத்தியோகத்தர் என்று பாதிப்பேர் மாறிப்போகிறவர்கள். ஆரம்பத்திலேயே உதவித் தலைவர் ஒருவரை வைத்து, மாதத்தில் ஒரு கூட்டத்தை அவரிடம் விட்டுவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

வகுப்புச் சீட்டு என்கிறார்களே, அது என்ன?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினரை விசாரித்துக் கொடுக்கப்பட்ட சிறு அட்டை. பெயரும் ஒரு வேதவசனமும் இருக்கும். ஒழுங்காக வராதவருக்கும் நடத்தை பிழைத்தவருக்கும் அடுத்த சீட்டுக் கிடைக்காது. யாரையும் மேடையில் வைத்து விலக்கவேண்டிய அவசியம் இல்லாமல், பழைய சீட்டின் காலம் முடிவதோடு காரியம் முடிந்துவிடும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. இன்று சீட்டு அச்சடித்துக் கொடுக்கலாம், பிழையில்லை. ஆனால் விசாரணை இல்லாமல் எல்லோருக்கும் கொடுக்கும் சீட்டு வெறும் அட்டைதான்.

2,50,000 மைல், 40,000 பிரசங்கம் என்பதெல்லாம் உண்மையா?

வழமையாகச் சொல்லப்படும் மதிப்பீடுகள் இவை. கணக்குப் போட்டால் நம்பத்தக்கவைதான். 1739 முதல் 1791 வரை சுமார் 52 ஆண்டுகள். 40,000ஐ 52ஆல் பிரித்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 770, நாளுக்கு இரண்டுக்குச் சற்று மேல். காலை ஐந்து மணிக்கு வேலையாட்களுக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்பதுதான் அவருடைய வழக்கம். 2,50,000 மைல் என்பது நாலு லட்சம் கிலோமீற்றர். திருமலையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர் என்று வைத்தால், 770 தடவை போய்வருவதற்குச் சமம். அதுவும் பெரும்பகுதி குதிரையில், கடிவாளத்தைத் தளரவிட்டுப் புத்தகம் வாசித்தபடி. கடிவாளம் தளர்ந்திருந்தால் குதிரை இடறாது என்பது அவருடைய அனுபவக் கண்டுபிடிப்பு.

காசைப் பற்றி அவர் போதித்தது என்ன?

முடிந்தளவு சம்பாதி, முடிந்தளவு சேமி, முடிந்தளவு கொடு. முதலிரண்டை எல்லோரும் ஆமென் என்று ஏற்றுக்கொள்வார்கள். அவருடைய வலியுறுத்தல் மூன்றாவதில்தான். ஒக்ஸ்போர்ட்டில் வருமானம் 30 பவுணாக இருந்தபோது 28இல் வாழ்ந்து 2 பவுண் கொடுத்ததாகவும், வருமானம் 60, 90, 120 என்று ஏறியபோதும் அதே 28இல் வாழ்ந்ததாகவும் கணக்குச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று நம் பகுதிக்கு நேரடியாகப் பொருந்தும். 1746இல் லண்டனில் ஏழைத் தொழிலாளருக்கென ஒரு சிறுகடன் நிதி தொடங்கினார். ஆளுக்கு 20 சிலிங்கிற்கு மேல் இல்லை, மூன்று மாதத்துக்குள் திருப்பிக் கட்டவேண்டும். கிழக்கு மாகாணத்தில் நுண்கடன் கம்பனிகளின் கிழமைத் தவணைக்குப் பயந்து வாழும் பெண்கள் எத்தனை பேர் என்பது யாவரும் அறிந்ததே. அவர் வழியில் சபையில் ஒரு நிதி தொடங்குவதென்றால்: வட்டி வேண்டாம், உச்சத்தொகையைச் சிறிதாக வையுங்கள், பழைய கடனை அடைக்கக் கொடுக்காதீர்கள், தொழிலுக்கு மட்டும் கொடுங்கள். காசை எப்போதும் இருவர் எண்ணி, பற்றுச்சீட்டு எழுதி, அன்றே பொருளாளரிடம் கொடுக்கவேண்டும். கடன் வாங்கியவரின் வகுப்புத் தலைவரையே அறவிடுகிறவராக ஆக்காதீர்கள். தவணை கட்ட முடியாத கிழமையில் அவர் கூட்டத்துக்கும் வரமாட்டார்.

உடன்படிக்கை ஆராதனை அவர் தொடங்கியதா?

ஆம். 1755 ஆகஸ்ட் 11இல், லண்டன் ஸ்பிற்றல்பீல்ட்ஸில் இருந்த பிரெஞ்சு ஆலயத்தில் முதலில் நடத்தினார். சொற்களைப் பியூரிட்டன் (ஆங்கிலேயக் கடுஞ்சீர்திருத்தப் பிரிவு) எழுத்தாளர் றிச்சர்ட் அலைனிடமிருந்து எடுத்தார். அன்று சுமார் 1,800 பேர் எழுந்து நின்று சம்மதித்ததாக எழுதியிருக்கிறார். இப்போது புதுவருடத்தின் முதல் ஞாயிறு நடத்துவதே வழக்கம். கவனிக்கவேண்டியது ஒன்று: பொருள் விளங்காமல் வாசிக்கக்கூடிய வாக்குறுதி அல்ல அது. தேவன் வேலை கொடுத்தாலும் ஒதுக்கிவைத்தாலும் சம்மதம் என்று சொல்கிறோம். மார்கழிக் கடைசி ஞாயிறே அந்த வாசகத்தைக் கையில் கொடுத்து, வீட்டில் வாசித்துவிட்டு வரச்சொல்லுங்கள்.

அவர் எழுதிய வைத்தியப் புத்தகத்தின் மருந்துகளைப் பாவிக்கலாமா?

வேண்டாம். 1747இல் ஏழைகளுக்காக எழுதியது. சுத்தம், நடை, அளவான உணவு பற்றிய அறிவுரைகள் இன்றைக்கும் சரி. மருந்துகளில் பல பயனற்றவை, சில ஆபத்தானவை. வைத்தியருக்குக் கொடுக்கக் காசில்லாத ஆட்களையும் அவர் நினைத்தார் என்பதுதான் அதில் எடுக்கவேண்டியது.

அவருடைய ஊழியம் இலங்கைக்கு எப்படி வந்தது?

வெஸ்லி ஆசியாவுக்கு வந்ததில்லை. அவருடைய வலதுகையாக இருந்த தோமஸ் கோக் தமது 66ஆம் வயதில் மிஷனரிகளோடு இலங்கைக்குப் புறப்பட்டு, 1814 மே 3இல் நடுக்கடலில் இறந்தார். காசுப் பொறுப்பு முழுவதும் அவரிடம் இருந்ததால், மற்றவர்கள் பம்பாயில் வெறுங்கையோடு இறங்கி, அங்கிருந்த வணிகர் ஒருவரின் உதவியால் பயணத்தைத் தொடர்ந்தார்கள். ஜூன் 29இல் தென்னிலங்கைக் கரையை அடைந்தார்கள். பின் காலியில் கூடி இடங்களைப் பிரித்தார்கள். லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணத்துக்கும், வில்லியம் ஓல்ற் மட்டக்களப்புக்கும் போனார்கள். ஓல்ற் 1815இலேயே அங்கே இறந்தார். தலைவர் இல்லாமல் வந்தவர்கள் சிதறாமல் நின்றதற்குக் காரணம், கூடிப் பேசி முடிவெடுத்துப் பிரிந்துபோகும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்ததுதான். இலங்கை மெதடிஸ்த திருச்சபை 1964இல் தன்னாட்சி பெற்றது.

அவரிடம் குறைகள் இல்லையா? பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

இருந்தன, சொல்லவேண்டும். ஜோர்ஜியாவில் தான் விரும்பிய பெண் வேறொருவரை மணந்தபின் அவளுக்குத் திருவிருந்தை மறுத்தார். வழக்கு வந்தது, 1737 டிசம்பரில் ஊரைவிட்டே புறப்பட்டுவிட்டார். 1751இல் செய்த திருமணம் கசப்பில் முடிந்தது. எப்போதும் பயணத்திலேயே இருக்கும் ஊழியருக்கு அது எச்சரிக்கை. அதிகாரத்தைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார் என்ற குற்றச்சாட்டிலும் நியாயம் உண்டு. ஆனாலும் 1784இல் நூறு பிரசங்கிமாரின் பெயர் எழுதி, அவர்களே மகாநாடு, தனக்குப்பின் அதிகாரம் அந்த மகாநாட்டுக்கே என்று சட்டப்படி பதிந்துவைத்தார். நம் நாட்டில் ஊழியர் இறந்ததும் ஊழியம் மகனுக்கா மருமகனுக்கா என்று பிளவுபடுவதைக் கண்டவர்கள் இந்தப் பத்திரத்தின் அருமையை அறிவார்கள்.

அடிமை வியாபாரத்தைப் பற்றி அவர் நிலைப்பாடு?

வெளிப்படையான எதிர்ப்பு. 1774இல் அதற்கெதிராகச் சிறுநூல் எழுதினார். சாவதற்கு ஆறு நாளைக்கு முன், 1791 பெப்ரவரி 24இல், பாராளுமன்றத்தில் போராடிக்கொண்டிருந்த வில்லியம் வில்பர்போர்ஸுக்கு ஊக்கமளித்துக் கடிதம் அனுப்பினார். விற்பீல்ட் இதற்கு நேரெதிர்: ஜோர்ஜியாவில் அடிமைகளை வைத்திருந்தார், அதை அனுமதிக்கும்படி வாதாடவும் செய்தார்.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

பிரசங்கத் தொகுப்பில் தொடங்கவேண்டாம். நாற்பத்துநான்கு பிரசங்கம், வாலிபர்கள் மூன்றாவதிலேயே தூங்கிவிடுவார்கள். பொது விதிகள் சில பக்கங்கள்தான். வகுப்பின் முதல் மூன்று சந்திப்புகளில் ஒவ்வொரு விதியாக, பத்து நிமிடத்துக்கு மேற்படாமல் வாசியுங்கள். நாலாவது சந்திப்பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தலைவர் தன் கிழமையைச் சொல்லித் தொடங்கட்டும்.